பூச்சு தண்ணீரில் தங்குமா? ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

வேதியியலோ பாலிமர் தொழில்நுட்பமோ படித்துவிட்டு மருத்துவக் கருவி, நீர்வடிகட்டிச் சவ்வு, பயோசென்சர் துறைகளில் ஆய்வு வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: பரப்பில் நீங்கள் வளர்த்த பாலிமர் பூச்சு தண்ணீரில் எத்தனை நாள் இருக்கும்? பலரும் வளர்ப்பதில் கைதேர்ந்திருப்பார்கள். பூச்சு வழுக்கும், புரதத்தை ஒட்டவிடாது என்று படங்களும் வைத்திருப்பார்கள். தங்குமா என்பதற்கு மட்டும் கையில் எண் இருக்காது. அந்த எண்ணோடு வருபவரைத்தான் நல்ல ஆய்வகம் தேடுகிறது.

முதலில் பலவீனம் எங்கே என்று பிடியுங்கள். கண்ணாடி, சிலிக்கான் பரப்புகளில் சிலேன் மூலக்கூறை ஒட்டி, அதன் நுனியிலிருந்து சங்கிலிகளை வளர்ப்பது வழக்கமான முறை. சங்கிலியின் முதுகெலும்பு கார்பன் பிணைப்பு. தண்ணீர் அதை அறுக்காது. அடியில் இருப்பதோ சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு, அதற்கு மேலே பெரும்பாலும் ஓர் எஸ்டர். இரண்டும் நீராற்பகுப்பில் அறுபடும். காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக. இதோடு இழுவிசையும் சேர்கிறது. நெருக்கமாக விதைத்த நாற்றங்காலில் நாற்றுகள் நெடுநெடுவென உயர்வதுபோல, நெருங்கி நிற்கும் சங்கிலிகள் தண்ணீரில் உப்பும்போது பக்கவாட்டில் இடமின்றி மேலே நீள்கின்றன. அந்த இழுப்பு அடிப் பிணைப்பில் போய்க் குவிகிறது. அதனால் அடர்த்தியும் தடிமனும் கூடிய, தண்ணீரை மிகவும் விரும்பும் பூச்சே முதலில் கழல்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் துகுலுவும் குளோக்கும் 2008-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள்: செல் வளர்ப்புத் திரவத்தில் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) வகைப் பூச்சுகள் கழன்றன, சங்கிலிகளின் நெருக்கத்தைக் குறைத்தபோது அதிக நாள் தங்கின. அடர்த்தி கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தோடு வேலைக்கு வருபவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

முதல் கூட்டத்திலேயே மேலாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் திரவம், என்ன வெப்பநிலை, எவ்வளவு காலம்? உடலுக்குள் போகும் கருவி என்றால் பிஹெச் 7.4, 37 டிகிரி, பாஸ்பேட் பஃபர் என்று தொடங்கலாம். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவிக்குள் போகும் பொருள் என்றால் அதையும் தண்ணீர்ச் சோதனையாகவே கணக்கில் எடுங்கள்.

ஊறவைக்கும் முன், பாலிமரைக் கரைக்கும் நல்ல கரைப்பானில் இரவு முழுக்கக் கழுவுங்கள். பிணைப்பில்லாமல் வெறுமனே படிந்திருந்த பாலிமர் முதல் நாளில் கரைந்துபோனதைக் கழல்வு என்று பதிந்தால் வரைபடம் முழுக்கத் தவறாகும். திரவத்திலிருந்து எடுத்ததும் தூய நீரில் உப்பை நீக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக உலர்த்தி, எலிப்சோமீட்டரில் உலர்ந்த தடிமனை அளவிடுங்கள். ஒரு புள்ளி போதாது. பூச்சு வளர்த்த சில்லின் பல இடங்களில் எடுங்கள். இத்தகைய பூச்சு அறைக்காற்றின் ஈரத்திலேயே சற்று உப்பும் என்பதால் அன்றைய ஈரப்பதத்தையும் குறியுங்கள். பாலிமர் வளர்க்காமல் சிலேன் மட்டும் ஒட்டிய சில்லு ஒன்றையும் கூடவே ஊறவையுங்கள். இழுவிசை இல்லாதபோது அடி தாங்குகிறதா என்பதை அது காட்டும். வாரக்கணக்கில் ஓடும் சோதனையில் பாக்டீரியா வளராமலிருக்கச் சோடியம் அசைடு சேர்ப்பார்கள்; அது கொடிய நச்சு, அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

நீர்த்துளியின் சேர்கோணத்தை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதீர்கள். பரப்பின் மேல்தோலைத்தான் அது பார்க்கிறது. பாதிப் பூச்சு போன பிறகும் கோணம் அசையாமல் நிற்கலாம்.

அவசரத்தில் இருக்கும் மேலாளர், “60 டிகிரியில் சில நாள் வைத்துப் பார், பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பு என்று கணக்குப் போட்டுவிடலாம்” என்பார். மரியாதையோடு மறுத்துச் சொல்லுங்கள். பெக் வகைச் சங்கிலிகளில் பல சூட்டில் சுருங்கிவிடும். சுருங்கினால் அடியில் இழுவிசையும் மாறும். நாம் அளக்க வந்ததே அந்த இழுவிசையின் விளைவை. சூட்டுச் சோதனை செய்வதென்றால் 37 டிகிரியிலும் உடன் ஒன்று ஓடட்டும்.

கழல்கிறது என்று தெரிந்தபின் அடியை மாற்றுவதே வழி. தண்ணீரை விரும்பாத பாலிமரை அடிப்பகுதியாக வளர்த்து அதன்மேல் நீர்விரும்பியை வளர்க்கலாம். அடியில் குறுக்குப் பிணைப்பு போடலாம். சிலிக்கானில் நேரடியாகக் கார்பனைப் பிணைக்கலாம். இதில் நான் பெரிதும் மதிக்கும் உதாரணம் ஜப்பானுடையது. மோரோ, இஷிஹாரா உள்ளிட்ட குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டின் பாலிஎத்திலீன் உள்ளுறையில் எம்.பி.சி. என்ற நீர்விரும்பிப் பாலிமரை ஒளியின் உதவியால் நேரடியாக வளர்த்தார்கள். அடியில் கார்பன்–கார்பன் பிணைப்பு. சிலேனும் எஸ்டரும் அங்கே இல்லை. 2004-இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வெளியிட்டபோது, மூட்டின் அசைவைப் போலச் செய்யும் இயந்திரத்தில் 30 லட்சம் சுற்று ஓட்டிய முடிவு அவர்களிடம் இருந்தது. 2011-இல் அது ‘அக்வாலா’ என்ற பெயரில் ஜப்பானில் அனுமதி பெற்றது.

நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் பூச்சு கழன்ற வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பிணைப்பு அறுந்தது, எப்படி அறிந்தீர்கள் என்று விளக்குங்கள். வேலையில் சேர்ந்தபின், ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு சில்லுகளைக் கூடுதலாக ஊறவைத்து, தேதியும் திரவமும் எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், அன்றைக்கே எடுத்து அளந்து சொல்லலாம்.