மாநிற முகத்தில் மறைந்துறையும் செம்மை

ரொசேசியா என்பது கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய இடங்களைப் பற்றி, தணிந்தும் கிளர்ந்தும் நெடுங்காலம் வருத்துவதொரு தோல் நோய். ரோசாவைப் போன்றது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. வெண்ணிற மேனியரைக் கண்டு இட்ட பெயராதலின், அது நம்மனோரை வழி மயக்குகின்றது. உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் கழனி வெயிலிலும் அடுப்பனலிலும் நாள் கழிப்போர் முகத்தில் ரோசா பூப்பதில்லை. நோய் இருப்பினும் செம்மை புலப்படாது. புலப்படினும், வெயிலில் கறுத்ததென்றே வீட்டார் கொள்வர்.

ஆகவே ஈண்டுக் கண்ணினும் உணர்வே சிறந்த சான்று. வெயிலிற் சென்று மீண்டபின் முகம் நெடுநேரம் அனல் வீசுதல், சூடான காப்பியோ காரமான குழம்போ உண்டதும் கன்னம் காந்துதல், வழக்கமான சோப்பே எரிச்சல் தருதல் ஆகியவற்றை நோக்குக. சிறு பருக்களும் எழும். ஆயினும் இளமைப் பருவிற் காணும் கருமுளைகள் இவற்றில் இரா. பெரும்பாலும் 30 வயதிற்கு மேல் தோன்றுவதால், இவ்வயதில் பருவா என்று பிறர் நகைப்பதும் உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவம் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் இப்பகுதியில், முகம் தடித்தாலே அந்நோயோ என்று அஞ்சுவாரும் உளர். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குன்றும். ரொசேசியாவிலோ எரிச்சல் மிகும். ஐயமுற்றால் மருத்துவரே தெளிவிக்க வேண்டும்.

குடிப்பழக்கத்தின் அடையாளம் இது என்னும் பழியும் பழமையானதே. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்திற் பார்டால்ப் என்பானது சிவந்த மூக்கு எத்துணை ஏளனத்திற்கு இலக்காயிற்று என்பதை அந்நாடகம் கற்றார் அறிவர். மது இந்நோயைக் கிளர்த்தல் உண்மையே. எனினும் மதுவைத் தொட்டறியாதாரையும் இது பற்றுகின்றது.

இவை யாவற்றினும் பெருங்கேடு விளைப்பது களிம்பு. முகம் கறுத்தது, பரு எழுந்தது என்று மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் வலிய ஸ்டீராய்டு கலந்திருக்கின்றது. பூசிய சில நாளில் எரிச்சல் அடங்கும், நிறமும் வெளுக்கும். அதனால் நம்பிக்கை வளர, பூசுதலும் தொடரும். தொடரத் தொடரத் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, நோய் முன்னினும் பெருகும். நோயில்லாத முகத்திலும் அதனை ஒத்த நிலை பிறக்கும். விட்டாலோ முகம் கொதிக்கின்றது. ஆதலின் மீண்டும் பூசுவர். இக்கேடு கண்டே 2018ஆம் ஆண்டு இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென விதித்தது. மாமை என்று சங்கப் புலவர் போற்றிய மாந்தளிர் நிறத்தை இழக்கவோ நாம் விலை கொடுக்கின்றோம் என்று இலக்கியம் பயிலும் எமக்கு வியப்புண்டாகின்றது.

அத்தகைய களிம்பை நெடுநாள் பூசியோர் தாமே திடீரென நிறுத்தாது, மருத்துவமனைத் தோற்பிரிவில் உண்மையை உரைத்து, அவர் சொல்லும் முறையில் விடுதல் நன்று. ரொசேசியாவை முற்றும் ஒழிக்க மருந்தில்லை. அடக்கி வைக்க உண்டு. மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகியவை பூசுவன. டாக்சிசைக்ளின் உண்பது, கருவுற்றார்க்கு ஆகாதது. பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். குடையும் அகன்ற முந்தானையும் வெயிலைத் தடுக்கும். காப்பியை ஆற்றிப் பருகலாம். மஞ்சளோ எலுமிச்சையோ தேய்த்தல் வேண்டா. எவ்வுணவு தமக்குக் கிளர்த்துகின்றதென ஒவ்வொருவரும் குறித்து வைத்தல் தகும். எல்லார்க்கும் எல்லாம் பகையன்று.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தலும் இமையோரம் சிவத்தலும் இந்நோயின் கூறாக இருத்தல் கூடும். முகத்திற் குறி தோன்றுமுன்பே கண்ணில் தொடங்குதலும் உண்டு. புறக்கணித்தால் கருவிழிப் படலம் புண்ணாகிப் பார்வை குன்றலாம். ஆதலின் தோல் மருத்துவரோடு கண் மருத்துவரையும் காணல் வேண்டும்.