கணவர் பெயர் மட்டும் போதாது: பழைய பதிவேடுகளில் ஒரு தம்பதியைத் தேடும் பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் “உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் பெயரைச் சொல்லக் கை தூக்கியவர்களில் பலர் இந்தக் கேள்விக்குக் கையைக் கீழே இறக்கிவிடுவார்கள். பாட்டன், பாட்டி வரை நினைவு இருக்கும். பூட்டன், பூட்டி என்றால் ஒரு பெயரோ, ஒரு கதையோ மட்டும் இருக்கும். அதற்கு மேலே உள்ள ஓட்டன், ஓட்டி என்ற உறவுப் பெயர்களே பிள்ளைகளுக்குப் புதியவை.

வரலாற்றுப் பாடத்தில் ‘சான்றுகள்’ என்ற சொல்லைப் பலமுறை பயன்படுத்துகிறோம். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று பட்டியலும் தருகிறோம். ஆனால் ஒரு சான்றை எப்படி எடைபோடுவது என்பதை மாணவர் தாமே செய்து பார்க்க வாய்ப்புத் தருவது அரிது. நெரவியில் சமூக அறிவியல் கற்பிக்கும் நான், இதற்காக ஒரு தம்பதியைத் தேடும் பயிற்சியை வகுப்பில் நடத்துகிறேன். மூன்று பாடவேளைகள் போதும். எந்த ஊர்ப் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

எங்கள் ஊரில் என்ன கிடைக்கிறது?

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. அதனால் எங்கள் பகுதிக் குடும்பங்களின் சுவடுகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

முதலாவது, கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள். திருமணங்களை ஏட்டில் பதிய வேண்டும் என்று 1563இல் டிரென்ட் பொதுச்சங்கம் விதித்தது. அந்த வழக்கம் இங்கும் வந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஏடுகள் தனித்தனியே இருக்கும்.

இரண்டாவது, பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள். இவற்றில் ஒரு பகுதியை, தென் பிரான்சில் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் கட்டணமின்றிக் காட்டுகிறது. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணப் பதிவுகளை 75 ஆண்டுகள் கடந்த பிறகே பொதுமக்கள் பார்க்கலாம்.

மூன்றாவது, வீட்டுப் பெட்டியில் இருப்பவை. நிலப் பத்திரம், ஜாதகம், குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவை இதில் அடங்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு மிக நல்ல சான்று. மணமக்களின் தந்தையர் பெயரும் சாட்சிகளின் பெயரும் அதில் இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவுமா என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுப்புத் தாள்களைப் பெயருடன் வெளியிடுகிறார்கள்; 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022இல் வெளிவந்தன. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அதே 2022இல்தான் வெளியானது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பார்வையிட யாருக்கும் உரிமை தரவில்லை. நம் கணக்கெடுப்பிலிருந்து ஊரில் எத்தனை பேர் என்று அறியலாம். யார் யார் என்று அறிய முடியாது. ஏன் இப்படி ஒரு பாதுகாப்பு என்று வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வைத்தால், அதுவே ஒரு குடிமையியல் பாடமாகிவிடும்.

ஒரே ஆள், இரண்டு பெயர்

பழைய ஏட்டைத் திறந்ததும் முதலில் வரும் தடை பெயர். பங்கு ஏட்டை எழுதிய குரு இலத்தீனில் எழுதியிருப்பார். ஊரில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் ‘பேத்ருஸ்’ ஆவார். சின்னப்பன் ‘பவுலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னெஸ்’, சூசை ‘யோசேபுஸ்’, இன்னாசி ‘இக்னாசியுஸ்’. அதே ஆள் அரசுப் பதிவில் தமிழ்ப் பெயருடன், பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருப்பார். ‘அன்’ என்று முடியும் பெயர்களின் கடைசி ஒலி பிரெஞ்சு மூக்கொலியாக மாறிவிடும். வீரப்பன் ஏறத்தாழ ‘விராப்பேன்’ என்று ஒலிக்கும்.

அடுத்த தடை வயது. பிறந்த தேதி தெரியாதவருக்கு எழுத்தர் பார்த்துப் போட்டதே வயது. முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழு எண்களாக வந்தால் அவற்றை மதிப்பீடு என்றே கொள்ள வேண்டும். ஜாதகத்தில் தமிழ் ஆண்டு இருந்தால் இன்னொரு கணக்கு தேவை. பிங்கள ஆண்டு என்று இருந்தால் அது 1857–58ஆகவும் இருக்கலாம், 1917–18ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியைக் கொண்டு விடை காணும் இந்தக் கணக்கைக் கணித ஆசிரியரிடமும் கொடுக்கலாம்.

வகுப்பறைப் பயிற்சி

கீழே உள்ள நான்கு பதிவுகளும் பயிற்சிக்காக நான் அமைத்த மாதிரிகள். உண்மைக் குடும்பத்துடையவை அல்ல. தேட வேண்டிய தம்பதி நெரவி இராயப்பனும் அன்னம்மாளும்.

பதிவு 1: திருமணம், பங்கு ஏடு, 1868. மணமகன் பேத்ருஸ், வயது 25, சூசையின் மகன். மணமகள் அன்னா, சவரிமுத்துவின் மகள். இருவரும் நெரவி.

பதிவு 2: ஞானஸ்நானம், பங்கு ஏடு, 1871. குழந்தை மரியா. தந்தை இராயப்பன், தாய் அன்னம்மாள். ஞானத்தகப்பன் சவரிமுத்து.

பதிவு 3: இறப்பு, அரசுப் பதிவு, 1905. இராயப்பன், வயது சுமார் 70, சூசையின் மகன், அன்னம்மாளின் கணவர். நெரவி.

பதிவு 4: இறப்பு, அரசுப் பதிவு, 1899. இராயப்பன், வயது 55, அருளப்பனின் மகன், மதலேனாளின் கணவர். நெரவி.

“நாம் தேடும் இராயப்பன் இறந்தது எந்த ஆண்டு?” என்பதே கேள்வி. குழுவாகப் பேச இருபது நிமிடம் கொடுங்கள்.

கணக்கில் வேகமான பிள்ளைகள் நான்காம் பதிவைப் பிடித்துக்கொள்வார்கள். 1868இல் 25 வயது என்றால் 1843இல் பிறந்தவர். 1899இல் 55 வயது என்றால் 1844இல் பிறந்தவர். அழகாகப் பொருந்துகிறது. மூன்றாம் பதிவோ 1835 என்று காட்டுகிறது. எட்டு ஆண்டு வேறுபாடு. எண் பொருந்தினால் விடை சரி என்று பழகிய மனம் அங்கே நின்றுவிடும்.

அப்போது ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இராயப்பன் என்ற பெயர் ஊரில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? சூசைக்கு மகனாகவும் அன்னம்மாளுக்குக் கணவராகவும் இருந்த இராயப்பன் எத்தனை பேர்?” முதல் கேள்விக்குப் பலர் என்பது விடை. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒருவர்தான். மனைவியின் பெயர் மட்டும் வேறாக இருந்தால் மறுமணம் என்று கொள்ள இடமுண்டு. தந்தையின் பெயரும் வேறு என்பதால் நான்காம் பதிவு இன்னொருவருடையது. விடை 1905.

இரண்டாம் பதிவில் இன்னும் ஒரு நூல் இழை இருக்கிறது. ஞானத்தகப்பனின் பெயரும் மணமகளின் தந்தையின் பெயரும் ஒன்று. தாத்தாவே பேத்திக்கு ஞானத்தகப்பனாக நின்றிருக்கலாம். இதை ‘உறுதி’ என்று சொல்ல மாட்டோம். ‘துணைச் சான்று’ என்று எழுதச் சொல்வேன்.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொரு பதிவுக்கும் மாணவர் ஒரு தரம் கொடுக்க வேண்டும். பெயர் மட்டும் பொருந்தினால் ‘இருக்கலாம்’. பெயரும் ஊரும் துணைவரும் பொருந்தினால் ‘பெரும்பாலும்’. பெயர், துணைவர், பெற்றோர் மூன்றும், தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு பதிவுகளில் பொருந்தினால் ‘உறுதி’. ஏன் இந்தத் தரம் என்று ஒரு வரியில் காரணமும் எழுத வேண்டும். மதிப்பெண் காரணத்துக்கே.

மனைவியின் பெயரே திறவுகோல்

இந்த முறையை என் தாய்வழிக் குடும்பத்திலும் கையாண்டேன். நான்கு தலைமுறைக்கு முந்தைய ஓட்டனின் பெயர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவியை ‘பெரியவர் சம்சாரம்’ என்று மட்டுமே சொல்வார்கள். ஓட்டனின் பெயரை வைத்துத் தேடியபோது அதே பெயரில் பலர் வந்தார்கள். ஒரு திருமணப் பதிவில் இருந்த மணமகளின் தந்தை பெயர், பழைய நிலப் பத்திரம் ஒன்றிலும் இருந்தது. அங்கிருந்துதான் வழி திறந்தது. பெயரில்லாமல் இருந்த அந்தப் பெண்ணால்தான் பெயர் தெரிந்த ஆணை அடையாளம் காண முடிந்தது.

பிரெஞ்சுப் பதிவு முறை இதற்குக் கைகொடுக்கிறது. மணமான பின்னும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதுவது அந்த முறை. கத்தோலிக்க ஏட்டில் இன்னொரு வசதி. அத்தை மகள், மாமன் மகளை மணந்தால் திருச்சபையின் விலக்கு பெற வேண்டும். அந்தக் குறிப்பு மணமக்களின் உறவுமுறையையே சொல்லிவிடும். 1908க்குப் பிந்தைய காலமாக இருந்தால் ஞானஸ்நான ஏட்டின் ஓரக் குறிப்பையும் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் திருமணம் ஆனதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கும் விதி அப்போது வந்தது.

கடல் தாண்டியவர்கள்

காரைக்காலில் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கிருந்து கொண்டு சென்றார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்த்தது. 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கைக்குப் பின் ஏற்றுமதித் துறைகளில் ஒன்றாகக் காரைக்கால் பெருகியது. ரீயூனியன் தீவுக்கும் இங்கிருந்து ஏராளமானோர் போனார்கள்.

அங்கே போனவரின் தனிப்பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராக இருந்த எர்னெஸ்ட் முத்துசாமியின் பெயர் இதற்கு எடுத்துக்காட்டு. 1863இல் அதே தீவில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்று 1904 முதல் 1923 வரை போராடினார். ஒருவர் யாருடைய பிள்ளை, எந்நாட்டவர் என்பது காகிதத்தில் என்னவாக எழுதப்பட்டுள்ளது என்பதை வைத்து உரிமை கிடைக்கும் அல்லது போகும் என்பதை மாணவருக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. எங்கள் ஊரிலும் 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. தாத்தா எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பது பல வீடுகளில் இன்றும் பேசப்படும் செய்தி.

கப்பல் பதிவில் கணவன், மனைவி என்று சேர்ந்து எழுதப்பட்டவர்கள் எல்லாரும் ஊரிலேயே மணந்தவர்கள் என்று கொள்ளக் கூடாது. புறப்படும் துறையில் சேர்ந்த இணைகளும் உண்டு. ஊர்ப் பதிவுடன் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கடல் கடந்து வேரைத் தேடி வருபவருக்கு வேறொரு வீட்டுப் பாட்டியைக் காட்டிவிடுவோம்.

ஆசிரியர் கவனத்துக்கு

சாதி எழுதப்பட்ட பதிவுகள் வரும். பயிற்சித் தாளில் அந்தப் பகுதியை மறைத்துவிடலாம். அடையாளம் காண அது தேவைப்படாது. தந்தை பெயர் இல்லாத பிறப்பு, இரண்டாம் திருமணம், தத்து ஆகியவை சொந்த வீட்டுத் தேடலில் வெளிப்படலாம். ஆகவே சொந்தக் குடும்பத்தைத் தேடும் வேலையைக் கட்டாயமாக்க வேண்டாம். மாதிரிப் பதிவுகளில் எல்லாரும் பயிலட்டும். விரும்புபவர் பெற்றோர் ஒப்புதலுடன் வீட்டில் தொடரட்டும். கண்டதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பது அந்த மாணவரின் முடிவு. மூல ஏடுகளை மாணவர் கையில் தர வேண்டாம். அனுமதியுடன் எடுத்த படமே போதும்.

வீட்டுப்பாடமாக ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரையச் சொல்கிறேன்: ‘வீட்டில் சொன்னது’, ‘ஏட்டில் இருப்பது’, ‘நான் முடிவு செய்தது’. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டு வரிசைகள், ஒன்று கணவருக்கு, ஒன்று மனைவிக்கு. மனைவியின் வரிசை காலியாக இருந்தால் மாணவர் வீட்டில் உள்ள மூத்த பெண்மணியிடம் போய்க் கேட்க வேண்டும். ஏட்டைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது. ஏடு அடுத்த ஆண்டும் இருக்கும்.