நெட் போனாலும் ஃபோல்டர் போகாது

பெங்களூரு விமான நிலையத்துப் பக்கமும் ஒரு பாகலூர் இருக்கிறது. இங்கே பேசப்போவது ஓசூரை அடுத்த நம் பாகலூர். இந்த ஊரில் பல வீடுகளில் கீழ்த்தளத்தில் லேத்தோ சிஎன்சி மிஷினோ ஓடும், மாடியில் குடும்பம் இருக்கும். மாடிக் கணினியில் டிராயிங்கும் டேலி கணக்கும், கீழே உள்ளதில் மிஷினுக்கான புரோகிராம். நடுவே ஒரு ஃபோல்டரை ஷேர் போட்டுவிட்டால் நாள் முழுக்கப் படியேறி இறங்க வேண்டியதில்லை. அந்த ஷேர் திடீரென்று ஒருநாள் திறக்காமல் போகும்போதுதான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அவற்றில் பல வெட்டி வேலை. சில, வீட்டுக் கதவைக் கழற்றி வைக்கச் சொல்பவை.

"நெட் கட்டாயிடுச்சு, அதான் ஷேர் வரல."

இல்லை. சாலை வேலைக்குப் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தாலும், ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை மாடியும் கீழ்த்தளமும் பேசிக்கொள்ளும். ஃபைல் வீட்டுக்குள்ளேயே ரூட்டர் வழியாகப் போய்விடுகிறது. இணையத்தின் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. இதே காரணத்தால், நெட் பிளானை உயர்த்தினாலும் காப்பி வேகம் ஏறாது. அதைத் தீர்மானிப்பவை வைஃபை சிக்னலும் கேபிளும் ரூட்டரின் போர்ட்டும்தான். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதில் விநாடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கிகாபிட் போர்ட் இருந்தும் அந்த வேகத்திலேயே நின்றால் கேபிள் முனையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம்.

"ஒரே நெட்டுதானே, ரெண்டும் ஒரே லைன்லதானே இருக்கு?"

மாடியில் ஃபைபர் பெட்டி. கீழே சிக்னல் எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி, மாடியிலிருந்து வந்த வயரை அதன் வேன் போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் நெட் வரும். ஆனால் மாடிக் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கொடுத்தால் 192.168.1 என்று தொடங்கும் எண் வரும். கீழே அதையே கொடுத்தால் 192.168.0 என்று வரும். வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீழேயிருந்து மாடியின் ஐபி எண்ணைக் கொடுத்தால் ஷேர் திறக்கும், மாடியிலிருந்து கீழே மட்டும் போகாது. ஒருபக்கம் வேலை செய்வதால் எல்லாரும் விண்டோஸைச் சந்தேகித்து, கணினியை ஃபார்மேட் அடிக்கும்வரை போய்விடுகிறார்கள்.

தீர்வு ஐந்து நிமிட வேலை. இரண்டாவது ரூட்டரின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை மாடிப் பெட்டியின் வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணுக்கு மாற்றி, டிஎச்சிபியை அணைத்துவிட்டு, வயரை வேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். கெஸ்ட் வைஃபையில் ஒரு கணினி இருந்தாலும் இதே போன்ற சிக்கல்தான். விருந்தாளி வீட்டுக் கணினிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே உள்ள வசதி அது.

"ஒர்க்குரூப் பேரு ஒண்ணா இல்லாட்டி திறக்காது."

திறக்கும். அந்தப் பெயர் கணினிகளைப் பட்டியலில் சேர்த்துக் காட்ட மட்டுமே. நெட்வொர்க் பகுதியில் பக்கத்துக் கணினி தெரியவில்லை என்பதும் ஷேர் கெட்டுவிட்டதற்கு அடையாளம் அல்ல. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, ஐபி எண்ணை எழுதி என்டர் தட்டுங்கள். திறந்துவிட்டால் ஷேர் நன்றாகவே இருக்கிறது. கணினி தன்னை அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். சர்வீசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். ஹோம்குரூப்பைத் தேடி அலையவும் வேண்டாம், 2018 ஏப்ரல் அப்டேட்டோடு விண்டோஸ் 10 அதைக் கைவிட்டுவிட்டது.

"ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க, உடனே வரும்."

வரலாம். அதற்காக அதை அணைத்தே வைப்பது சரியல்ல. ரூட்டரை மாற்றிய மறுநாள் ஷேர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். புது ரூட்டரை விண்டோஸ் புது நெட்வொர்க்காகக் கருதி, அதைப் பப்ளிக் என்று குறித்துக்கொள்கிறது. பப்ளிக் என்றால் பேருந்து நிலைய வைஃபை மாதிரி. அங்கே யாருக்கும் கதவு திறக்காது. செட்டிங்ஸில் அந்த இணைப்பைப் பிரைவேட் என்று மாற்றி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். ஃபயர்வாலே வீட்டு ஆட்களுக்கு வழிவிடும்.

"எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுத்துட்டேன், இன்னும் பாஸ்வேர்ட் கேக்குது."

கேட்கத்தான் செய்யும். எவ்ரிஒன் என்பது தெருவில் போகிற எல்லாரும் அல்ல. தான் யார் என்று அந்தக் கணினியிடம் சொல்லி உள்ளே வந்த எல்லாரும். அந்தச் சொல்லும் இடத்தில்தான் வீடுகளில் முக்கால்வாசி ஷேர்கள் மாட்டிக்கொள்கின்றன. நாலு இலக்கப் பின்னை அடித்துப் பார்ப்பார்கள், ஏற்காது. பின் என்பது அந்த ஒரு கணினியின் முன் உட்கார்ந்து திறக்க மட்டுமே; நெட்வொர்க் வழியாக வந்தால் அக்கவுன்டின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணினியாக இருந்தாலும் கதை முடிந்தது. வெற்றுப் பாஸ்வேர்ட் உள்ள அக்கவுன்டை விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது.

நான் எல்லாருக்கும் சொல்லும் வழி இது. ஃபோல்டர் இருக்கும் கணினியில் ஷேருக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, நல்ல பாஸ்வேர்ட் வையுங்கள். அந்த ஃபோல்டருக்கு மட்டும் அவருக்கு அனுமதி கொடுங்கள். ஷேரிங் டேபிலும் செக்யூரிட்டி டேபிலும் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். அதற்குப் பிறகும் திறக்காவிட்டால், எதிர்முனைக் கணினியின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய தவறான பாஸ்வேர்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2 புரோ, பெயர் சொல்லாத கெஸ்ட் நுழைவையும் ஏற்பதில்லை. ரூட்டரின் யுஎஸ்பியில் செருகிய பழைய ஹார்ட் டிஸ்க் பலருக்குத் திடீரென்று திறக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்."

இருப்பதிலேயே மோசமான யோசனை இதுதான். பாகலூர், ஓசூர்ப் பட்டறைகளிலும் இது புழங்குகிறது, ஏனென்றால் பழைய மிஷின்கள் இங்கே இருக்கின்றன.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் ஃபைல் பரிமாறிக்கொள்ளும் மொழி. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. அதன் முதல் வடிவத்தில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பலர் அதைப் போடவில்லை. மே 12 அன்று வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அதே ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, கணினியிலிருந்து கணினிக்குப் பாய்ந்தது. சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி ஒன் கூடவே வருவதில்லை. விண்டோஸுக்கு வந்த கோளாறு என்று அதைச் சிலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றேதான் எடுத்தார்கள்.

பக்கத்தில் இருப்பது விண்டோஸ் 7 கணினி என்றால் எஸ்எம்பி ஒன் தேவையே இல்லை. அதற்கு இரண்டாம் பதிப்பு நன்றாகத் தெரியும். எக்ஸ்பிக்குத்தான் முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது. மிஷினின் கன்ட்ரோலர் எக்ஸ்பியில் ஓடினால், அதற்காக மாடியில் பிள்ளைகள் பயன்படுத்தும் புதுக் கணினியில் ஓட்டையைத் திறந்து வைப்பதை என்னால் ஏற்க முடியாது. பல சிஎன்சி மிஷின்களில் ஆர்எஸ்-232 போர்ட் இன்றும் இருக்கிறது. சீரியல் கேபிள் போட்டு டிஎன்சி மென்பொருள் வழியாகப் புரோகிராமை அனுப்பலாம். அது முடியாவிட்டால் மிஷின் வேலைக்கென்றே ஒரு பென்டிரைவை ஒதுக்குங்கள்.

அந்தப் பென்டிரைவையும் ஒவ்வொரு முறையும் புதுக் கணினியில் வைரஸ் ஸ்கேன் செய்த பிறகே மிஷினில் செருகுங்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி, உலகின் மிகப் பெரிய சிப் ஒப்பந்த உற்பத்தியாளர், ஸ்கேன் செய்யாத ஒரு புது மிஷினை ஆலையின் நெட்வொர்க்கில் இணைத்தது. வான்னாகிரையின் ஒரு வகை, திருத்தம் போடாத விண்டோஸ் 7 மிஷின்களுக்கெல்லாம் பரவி, ஆலைகளில் உற்பத்தி நின்றது.