உன் கரடி ஏன் நாயாகிப் போனது?

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கையால் தைத்த முதல் கரடி. தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று ஐந்து மூட்டும் அசைகிறது. தையல் எங்கும் பிரியவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் "நாய்க்குட்டி அழகாயிருக்கு" என்கிறார்கள் என்று நொந்துபோய் எழுதியிருக்கிறாய். அவர்கள் சொல்வது சரிதான், அது நாய்தான். நல்ல நாய். எந்த இடத்தில் நாயானது என்று பிடித்துவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிடும்.

குறை உன் தையலில் இல்லை. கண்ணை நாலு தடவை பிரித்து மாற்றி வைத்ததாக எழுதியிருக்கிறாயே, அடிப்படைக் கோளாறு கண்ணிலும் இல்லை. துணியில் கத்தரி படும் முன்பே, நீ அட்டையில் வரைந்தபோதே அது நாயாகிவிட்டது. கரடியின் தலைக்கு மூன்று துண்டு: இரண்டு பக்கத்துக்கு இரண்டு கன்னம், நடுவில் மூக்கு நுனியில் தொடங்கி நெற்றியில் ஏறிப் பிடரி வரை இறங்கும் ஒரு பட்டை. அந்த நடுப்பட்டைதான் முகத்தைத் தீர்மானிக்கிறது. மூக்கருகே அது விரல் அகலம் இருந்தால் போதும். கண்ணைத் தாண்டியதும் நன்றாக விரிய வேண்டும். காதைக் கடந்து பிடரியில் மறுபடி ஒடுங்க வேண்டும். நீ வெட்டியது மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலம். நெற்றி ஒடுங்கினால் காது இரண்டும் உச்சிக்கு நெருங்கி வரும், அதுதான் நாய். மூக்குப் பக்கம் அகன்றுவிட்டால் பன்றி. கன்னத் துண்டில் மூக்கை மெலிதாக இழுத்துவிட்டால் எலி.

அதனால் அடுத்த மாதம் முழுக்க நீ முழுக் கரடி எதுவும் செய்யாதே. மலிவான காடாத் துணியில் தலை மட்டும் தை. கன்னத் துண்டின் அட்டை எல்லாத் தலைக்கும் ஒன்றே இருக்கட்டும். நடுப்பட்டையை மட்டும் ஒவ்வொரு தலைக்கும் கால் அங்குலம் கூட்டியோ குறைத்தோ வெட்டு. பஞ்சு அடைத்து வரிசையாக அலமாரியில் வை. எது அண்ணன், எது தம்பி, எது பக்கத்து வீட்டுக்காரன் என்று உனக்கே தெரியும். அட்டை ஒவ்வொன்றிலும் தேதியும் அளவும் எழுதி வை. பின்னால் உன் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்த அட்டைகள்தான் இருக்கும்.

டெடி என்ற பெயர் வந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1902 நவம்பரில் மிசிசிப்பிக்கு வேட்டைக்குப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மரத்தில் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோர்ட் பெர்ரிமன் அதை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் கேலிச்சித்திரமாகப் போட்டார். புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிச்டமும் அவர் மனைவி ரோஸும் துணிக்கரடி செய்து கடையில் வைத்தார்கள். பெயர் அங்கே பிறந்தது. நீ கற்க வேண்டிய வடிவத்தை அதே 1902-ஆம் ஆண்டில் உருவாக்கியது ஜெர்மனியின் கீங்கன் என்ற சின்ன ஊர். குழந்தையிலேயே போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மார்கரெட்டே ஸ்டைஃப் அங்கே பொம்மைத் தொழிற்சாலை நடத்தினார். அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட் ஸ்டைஃப், ஸ்டுட்கார்ட்டில் கலைப்பள்ளியில் படித்தவர். அந்த ஊர் விலங்குக் காட்சியகத்தில் உட்கார்ந்து கரடிகளை வரைந்து தள்ளியவர். அந்தப் படங்களிலிருந்து வந்ததுதான் மூட்டு அசையும் கரடி.

பழைய கரடிகளின் படங்களைப் பார், இது புரியும். மூக்கு நீளம். முதுகில் ஒரு திமில். பழுப்புக் கரடிக்குத் தோளில் இருக்கிற சதைத் திரட்சி அது. கை கிட்டத்தட்ட முழங்காலைத் தாண்டித் தொங்கும், மணிக்கட்டில் மெலிந்து நுனியில் மேலே வளையும். பாதம் நீளம். கண் சின்னது. அது உட்கார்ந்திருக்கும் குழந்தை இல்லை, உட்காரச் சம்மதித்த கரடி.

இப்போது கடைகளில் பார்ப்பது வேறு. நெற்றி பெருத்து, மூக்கு சப்பையாகி, கண் பெரிதாகி, கரடிக் காது வைத்த கைக்குழந்தை ஆகிவிட்டது. ராபர்ட் ஹைண்ட் என்ற விலங்கு நடத்தை அறிஞரும் பார்டன் என்பவரும் பழைய கரடி பொம்மைகளை அளந்து பார்த்து, காலம் போகப்போக மூக்கு குறுகி நெற்றி வளர்ந்திருப்பதை 1985-இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். பத்து வருடம் கழித்து வேறு சிலர் பிள்ளைகளிடமே கரடிகளைக் காட்டிக் கேட்டார்கள். குழந்தை முகக் கரடியை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் சற்றுப் பெரிய பிள்ளைகள்தான். நான்கு வயதுப் பிள்ளைகளிடம் அந்த விருப்பம் தெரியவில்லை. ஆக, முகத்தை இப்படி மாற்றியது காசு கொடுத்து வாங்குகிற பெரியவர்களின் கண்தான் என்பது என் கணிப்பு. நீ செய்யப் புறப்பட்டது பழைய மாதிரிக் கரடி. 'இன்னும் க்யூட்டா பண்ணலாமே' என்று யார் சொன்னாலும் மூக்கைக் குறைக்காதே.

முடிந்தால் ஒரு நாள் வண்டலூருக்குப் போய்க் கரடிக் கூண்டின் முன்னால் நில். அங்கே பார்க்கப்போகும் நம் ஊர்க் கரடிக்கு மூக்கு இன்னும் நீளம், மார்பில் வெள்ளை வளைவு, பரட்டை முடி. ஜெர்மன் கரடியின் அட்டையை வைத்து அதைச் செய்ய முடியாது. ஆனால் எடை எங்கே இறங்குகிறது, உட்காரும்போது பின்னங்கால் எப்படி விரிகிறது என்பதைப் பார்த்துக்கொள். (நம் காட்டுக் கரடியைப் பழைய முறையில் யாராவது செய்ய மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அது பிறகு.)

துணிக்கு வருகிறேன். நீ பயன்படுத்தியது பின்புறம் பின்னலாக இருக்கும் செயற்கை ரோமத் துணி. அது இழுத்தால் நீளும். பஞ்சு அடைக்க அடைக்கக் கன்னம் உப்பி, அட்டையில் வரைந்த கோடு எல்லாம் காணாமல் போகும். மோஹேர் அப்படி இல்லை. அங்கோரா ஆட்டின் ரோமத்தை, நெய்த பருத்தித் துணியில் ஏற்றியது, அவ்வளவாக நீளாது. நீ வரைந்தது வரைந்தபடி வரும், உன் பிழையும் அப்படியே வரும். விலை அதிகம், வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஆகவே காடாவில் முகம் பிடிபடும் வரை அதை வாங்காதே. வாங்கினால் சிக்கனமாக வெட்டு. ஸ்டைஃப் தொழிற்சாலையிலேயே துணியை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு ஏழாவது கரடிக்கும் நடுப்பட்டையை இரண்டு துண்டாக வெட்டி இணைத்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நெற்றி நடுவே தையல் ஓடும் அந்த ஒட்டுக் கரடிகளைத்தான் இன்று அவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வெட்டும் விதத்தைக் கவனி. துணியைக் கையால் தடவிப் பார். ரோமம் எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கம் அம்புக்குறி போடு. அட்டை ஒவ்வொன்றிலும் அம்புக்குறி இருக்க வேண்டும். கன்னத்தில் ரோமம் மூக்கிலிருந்து பின்னோக்கிப் படிய வேண்டும், உடம்பில் கீழ்நோக்கி. துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்தில் பேனாவால் வரை. வலது கைக்கு வரைந்த அட்டையைத் திருப்பிப் போட்டு இடது கைக்கு வரை. இதை மறந்தால் இரண்டு வலது கையோடு உட்கார்ந்திருப்பாய். சின்னக் கத்தரியின் நுனியை ரோமத்துக்கு அடியில் நுழைத்து, பின்துணியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டு. பெரிய கத்தரியை முழு வாயும் திறந்து வெட்டினால் ரோமமும் சேர்ந்து அறுபடும். தைத்த பிறகு தையல் ஓரமெல்லாம் மொட்டையடித்த மாதிரி தெரியும்.

தையலை மூக்கு நுனியில் தொடங்கு. நடுப்பட்டையின் மையத்தைக் கன்னத்தோடு முதலில் இழையோட்டிக் கட்டி, பிறகு பின் தையல் போடு, நெருக்கமாக. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் தலை கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மூக்கிலிருந்தே கிளம்ப வேண்டும். தையலில் மாட்டிய ரோமத்தை ஊசி முனையால் வெளியே எடுத்துவிடு. பொறுமையாகச் செய்தால் தையல் இருக்கும் இடமே தெரியாது.

உள்ளே அடைப்பதற்குப் பழைய ஜெர்மன் கரடிகளில் மெல்லிய மரச்சுருள் போட்டார்கள். மூக்குக்கு அதை மிஞ்சியது இல்லை. கல் மாதிரி இறுகும், ஊசி குத்திக் குத்தி மூக்குத் தையல் போட்டாலும் அமுங்காது. இங்கிலாந்தில் 1920-களிலிருந்து உடம்புக்கு இன்னொன்று போட ஆரம்பித்தார்கள். அது இலவம்பஞ்சு! நம் போடிநாயக்கனூர்ப் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கிற அதே பஞ்சு. ஆக நீ பாலியெஸ்டர் பஞ்சு வாங்கி அடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழைய ஆங்கிலக் கரடியின் வயிற்றில் இருந்தது உன் ஊர் மெத்தைக் கடையிலேயே கிடைக்கும். விதை நீக்கியதாகப் பார்த்து வாங்கு. ஃபேனை நிறுத்திவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடை. பறந்து வீடெல்லாம் போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, மரக்குச்சியால் ஓரங்களிலிருந்து நடுவுக்கு இறுக்கிக்கொண்டே வா. இலவம்பஞ்சு நாளாவட்டத்தில் அமரும். அதனால் போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் போடு.

மூட்டுக்கு ஹார்ட்போர்டு வட்டம், வாஷர், காட்டர் பின். ரிச்சர்ட் ஸ்டைஃபின் முதல் கரடியில் கைகால்களை நூலால் கட்டியிருந்தார்கள், தளர்ந்துபோனது. அடுத்து உள்ளே இரும்புக் கம்பி ஓட்டினார்கள், கரடி கனத்து விறைத்தது. 1905 வாக்கில் வட்டத் தகடு மூட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நூற்றிருபது வருடமாக அதுதான் நிலைத்திருக்கிறது. நோஸ் பிளையரால் பின்னின் இரண்டு காலையும் எதிரெதிர்ப் பக்கம் சுருட்டி இறுக்கு. கையை அசைத்தால் முனகுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். பஞ்சு அமர அமரச் சரியாகிவிடும். கடலோர ஊர்களில் சாதா இரும்புப் பின் துருவேறித் துணியில் கறை இறக்கும், துருப்பிடிக்காத எஃகு வாங்கு.

கண்ணைக் கடைசியில் வை. குண்டூசித் தலையைக் குத்தி இடம் பார். ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் எழுந்து பார். கன்னமும் நடுப்பட்டையும் சேரும் தையல் மேலோ, அதை ஒட்டியோ, மூக்கு எழும்பும் இடத்தில் கண் வர வேண்டும். உன் கரடிக்கு அது நெற்றியில் ஏறியிருந்தது. முதல் கரடிகளுக்கு பூட்ஸ் பொத்தானைத்தான் கண்ணாக வைத்தார்கள். கறுப்பு, சின்னது, அதிகம் பேசாது. மூக்குக்கு முறுக்கிய தடித்த பருத்தி நூல். வாயைச் சிரிக்க வைக்காதே. நேர்கோட்டில் இருந்தால் பிள்ளை அழும்போது கரடியும் அழும், சிரிக்கும்போது சிரிக்கும்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1904-இல் செய்த ஒரு ஸ்டைஃப் கரடி 1994 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,10,000 பவுண்டுக்குப் போனது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அந்த விலை, ஒருவர் வாழ்நாள் முழுக்க அதைத் தன்னோடு வைத்திருந்த கதைக்கும் சேர்த்துத்தான். உன் விலை உன் துணியும் உன் நேரமும். தெரிந்தவர்கள் என்று பாதி விலைக்குக் கொடுத்துப் பழக்காதே.

இன்னொன்று, இதில் விளையாட்டு கூடாது. கண்ணாடிக் கண்ணும் பின்னும் உள்ள கரடி கைக்குழந்தைக்கு ஆகாது. அது பெரியவர்கள் அலமாரியில் வைக்கிற பொருள் என்று அட்டையில் எழுதிக் கட்டு. சிறு பிள்ளைக்கென்று கேட்டால் கண்ணை நூலால் தைத்துக் கொடு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்தியக் கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மோஹேருக்குப் பணம் கட்டும் முன் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பம் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா