கஞ்சாவும் புகையிலையும்: இரண்டையும் சேர்த்தே விடணும்!

"கஞ்சாவை விட்டுட்டேன், இப்ப வெறும் சிகரெட் மட்டும்தான்" என்று ஒரு இளைஞர் சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் இரண்டையும் கலந்து புகைத்தவர் என்றால், இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறார். அது ஏன்? அடுத்து என்ன செய்யணும்? ஜெயங்கொண்டத்தில் இருப்பவர்கள் யாரிடம் போகணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலந்தால் என்ன ஆகும்?

கஞ்சாவை பீடி, சிகரெட் தூளோடு கலந்து புகைப்பவர்களில் பலர், "நான் சிகரெட்டே பிடிக்கிறதில்லையே" என்பார்கள். ஆனால் அந்தக் கலவையில் நிகோடின் இருக்கிறது. போதை தருவது கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். திரும்பத் திரும்ப இழுக்க வைப்பதில் நிகோடினுக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது, தெரியாமலேயே இரண்டு பழக்கங்களுக்கு ஆளாகிறோம்.

கஞ்சாவை மட்டும் நிறுத்தினால், ஒவ்வொரு சிகரெட்டும் பழைய நண்பர்களையும் பழைய இடத்தையும் ஞாபகப்படுத்தும். புகையிலையை மட்டும் நிறுத்தினால், அடுத்த முறை கலந்து இழுக்கும்போது நிகோடின் மறுபடி உள்ளே வந்துவிடும். 'இயற்கையான இலைதானே' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போகும்.

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. வளரும் வயதில் கஞ்சா பழகினால் ஞாபக சக்தி, கவனம், படிப்பு எல்லாம் அடி வாங்கும். சிலருக்குச் சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்ற தீவிர மனநலப் பாதிப்புகளும் வரலாம். 2019-இல் இந்தியப் பள்ளிகளில் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இந்தப் பேச்சைக் கல்லூரி வரை தள்ளிப்போடக் கூடாது.

முதல் வாரம்தான் கஷ்டம்

நிகோடினை நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சல் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் அது உச்சத்தில் இருக்கும். கஞ்சாவை நிறுத்தினால் ஓரிரு நாளில் தூக்கமின்மை, பசியின்மை, கோபம், கெட்ட கனவுகள் வரும். முதல் வாரத்தில் இவை அதிகமாகி, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும்.

பெற்றோரே, இந்த நாட்களில் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் அதைத் திமிர் என்று நினைக்காதீங்க. உடம்பு பழைய நிலைக்குத் திரும்பப் போராடுகிறது. திட்டுவதையும் அடிப்பதையும் விட, டாக்டரிடம் கூட்டிப் போவதுதான் பலன் தரும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகுமா?"

பல குடும்பங்களைத் தடுத்து நிறுத்துவது இந்தப் பயம்தான். கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியது அல்லது சிறிய அளவில் வைத்திருந்தது தொடர்பான குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு அடிமை நோயாளி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். விற்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

விற்பவருக்கு என்ன தண்டனை?

18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டப்படி தடை. மருத்துவர் உத்தரவின்றி ஒரு குழந்தைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெட்டிக்கடைக்காரர் 'தெரியாம கொடுத்துட்டேன்' என்று சொல்லித் தப்பிக்க நினைக்கக் கூடாது. வயதில் சந்தேகம் வந்தால் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எங்கே போகணும்? எந்த எண்?

முதலில் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனை டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவது பற்றி அவரிடமே கேளுங்கள். "கஞ்சாவும் புகையிலையும் ரெண்டுமே பழக்கம் இருக்கு" என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் சிகிச்சையும் பாதிதான் கிடைக்கும்.

கீழே உள்ள எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்:

• போதை மீட்பு ஆலோசனை: 14446
• புகையிலையைக் கைவிட: 1800 11 2356
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
• குழந்தைகளுக்கான உதவி: 1098
• கஞ்சா விற்பனை பற்றிப் புகார்: 10581

உங்களுக்கே பழக்கம் இருந்தால், விடுவதற்கு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் லைட்டர், தீப்பெட்டி, பாக்கெட் எல்லாவற்றையும் அன்றைக்கே தூக்கி எறியுங்கள். முதல் வாரம் அந்தக் கூட்டத்தோடு உட்காராதீங்க. இடையில் ஒரு நாள் தவறினாலும் 'எல்லாம் போச்சு' என்று விட்டுவிடாமல், மறுநாளே அதே டாக்டரிடம் போங்கள். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிக்குப் பிறகே முழுதாக மீண்டிருக்கிறார்கள்.