கேரி பேக்கைக் குறைக்க மூன்று வழிகள்



கடைக்குப் போனா "ஒரு கவர் குடுங்க"ன்னு கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவர் குப்பைக்குப் போயிடுது. நம்ம கையில இருந்தது கொஞ்ச நேரம்தான். ஆனா மண்ணில் மக்காமல் பல வருஷம் கிடக்கும். மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்காமல் தடுக்கும். மீதிச் சோற்றைக் கவரில் கட்டிப் போட்டால் மாடு கவரோடு சேர்த்துத் தின்னுடும். அது வயிற்றில் செரிக்காது. இதைக் குறைக்க அரசாங்கங்கள் என்னென்ன செய்தன என்று பார்ப்போமா?

1. தடை செய்வது

வங்கதேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் பெரிய வெள்ளம் வந்தது. பாலிதீன் பைகள் சாக்கடைகளை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வடியாமல் நின்றது. அதனால் 2002-ல் மெல்லிய பாலிதீன் பைகளுக்குத் தடை போட்டார்கள். உலகிலேயே முதலில் இப்படித் தடை செய்த நாடு அதுதான். ஆனால் கண்காணிப்பு குறைந்ததும் பைகள் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டன.

2. காசு வாங்குவது

அயர்லாந்து நாட்டில் தடை போடவில்லை. 2002 மார்ச் 4 முதல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். (100 சென்ட் = 1 யூரோ.) அதற்கு முன் ஒருவர் ஒரு வருஷத்துக்குச் சுமார் 328 பைகள் வாங்கினார். வரி வந்த பிறகு அது 21 ஆகக் குறைந்தது! 2007-ல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். சும்மா கிடைச்சா வாங்கிக்கிறோம். காசுன்னு சொன்னா வீட்டிலிருந்தே பை எடுத்துட்டு வர்றோம். மனுஷ மனசு எல்லா ஊரிலும் ஒண்ணுதான்!

3. தடிமனைக் கூட்டுவது

மெல்லிய கவர் காற்றில் பறக்கும். நிறைய பொறுக்கினாலும் எடை வராது. அதனால் பழைய பொருள் சேகரிப்பவர்கள் அதை எடுப்பதில்லை. இதற்காக இந்திய அரசு கேரி பேக்கின் குறைந்த தடிமனை 2011-ல் 40 மைக்ரான், 2016-ல் 50, 2021-ல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று உயர்த்தியது. (1000 மைக்ரான் = 1 மில்லி மீட்டர்.)

நம் தமிழ்நாட்டில்...

2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கேரி பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கூடாது. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022-ல் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள்.

ஒரு கணக்கு

மஞ்சப்பை வாங்கிட்டா வேலை முடிஞ்சுதா? இல்லை. பருத்தி விளைய தண்ணீர், உரம் வேணும். நெய்ய மின்சாரம் வேணும். 2011-ல் இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆய்வு வெளியிட்டது. புவி வெப்பமாகும் கணக்கை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு தடவை பயன்படுத்திய மெல்லிய கவருக்குச் சமமாகுமாம். வாரம் ஒரு முறை சந்தைக்கு எடுத்துப் போனால் இரண்டரை வருஷம்! மாட்டுக்கும் மண்ணுக்கும் வரும் கேடு இந்தக் கணக்கில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் துணிப்பைதான் நல்லது. ஆனா கல்யாண வீட்டில் வாங்கிய பைகளை எல்லாம் மடித்துப் பரணில் போட்டுவிட்டு, கடையில் புதுப்பை கேட்டால் என்ன பயன்?

செய்து பாருங்கள்

துணி மாதிரி இருக்கும் பை எல்லாம் துணி அல்ல. பையின் வெட்டிய ஓரத்தில் நூலை உருவிப் பாருங்கள். நெய்த துணி என்றால் நீளமாக நூல் வரும். நூலே வராமல் புள்ளி புள்ளியாக அழுத்திய மாதிரி இருந்தால் அது பிளாஸ்டிக் இழையில் செய்தது. அந்தப் பைக்கும் 2019 தடையில் இடம் உண்டு.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் தடை போடலாம், வரி போடலாம். கடைக்குக் கிளம்பும்போது பையை எடுப்பது நம்ம கைதான். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒன்று, ரேஷன் கார்டோடு ஒன்று எப்போதும் இருக்கட்டும். கிழிந்தால் தைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே எண்ண ஆரம்பியுங்கள்: 1, 2, 3... 131!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி