திருத்திய கார் எஞ்சினின் அமுக்க விகிதம்

படுவான்கரைக் கிராமங்களில் ஒரு பழைய கார் ஓடினால் நெல்மூட்டை சந்தைக்குப் போகும். இரவில் நோயாளியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவார். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம், சேமித்த காசில் எஞ்சினைத் திருத்தினால் அது மறுபடி உடையக்கூடாது. அதற்கு இந்தச் சிறு கணக்கு உதவும்.

அமுக்க விகிதம் என்றால் என்ன?
பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ளே ஏழு கொத்துக் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அது ஒரு கொத்து இடத்துக்குள் நெருங்கினால் விகிதம் 7.

திருத்தும்போது ஏன் மாறுகிறது?
சிலிண்டரைப் போர் பண்ணினால் உள்ளே வரும் காற்றுக் கூடும். ஹெட்டின் அடியைச் சீவினால் எரியும் அறை சிறுக்கும். இரண்டும் விகிதத்தை உயர்த்தும்.

அளப்பது எப்படி?
1. பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்துங்கள்.
2. பிளக் துளை மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சரித்து, சிறிஞ்சால் எண்ணெயை அளந்து, துளைப் புரியின் அடிவரை விடுங்கள். எண்ணெய் கீழே கசியுமுன் விரைவாகச் செய்யுங்கள்.
3. பிறகு எண்ணெயை முழுதும் உறிஞ்சி எடுங்கள். எண்ணெய் அமுங்காது, உள்ளே இருக்கப் பிளக்கைப் பூட்டிச் சுற்றினால் கனெக்டிங் ரொட் வளையும்.

உதாரணம்
ஆஸ்டின் ஏ40 சொமர்செட் காரின் சிலிண்டர் விட்டம் 65.5 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ., புதிதில் விகிதம் 7.2. போர் பண்ணிய பின் விட்டம் 66.5 மி.மீ. ஆனது என்போம்.

பிஸ்டன் ஓடும் இடம்: 0.7854 × 6.65 × 6.65 × 8.89 = 309 சி.சி.
சீவிய ஹெட்டுடன் எண்ணெய் அளவு: 45 சி.சி.
விகிதம்: (309 + 45) ÷ 45 = 7.9

இதனால் என்ன?
1990இற்குப் பின் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் இத்தகைய கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெய்க்கென்றே செய்த பழைய பெர்குசன் உழவு இயந்திரத்தின் விகிதம் சுமார் 5தான். விகிதம் கூடினால் மண்ணெண்ணெய் தானாகப் பற்றி எஞ்சின் தட்டும்; பிஸ்டன் பழுதாகும்.

காஸ்கட்டை 1 மி.மீ. தடிப்பாக்கினால் அறை சுமார் 3.5 சி.சி. கூடி, விகிதம் 7.4 ஆகும். அது பழைய அளவுக்குக் கிட்ட வரும். மண்ணெண்ணெய் எஞ்சினாக மாறிவிடாது. ஆகவே ஹெட்டைச் சீவக் கொடுக்குமுன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள்.

செய்து பாருங்கள்
இதே எஞ்சினில் எண்ணெய் 40 சி.சி. மட்டுமே பிடித்தால் விகிதம் என்ன? (விடை: 8.7)